வீட்டு அறையில் ஒரு மெட்டல் இ.பி.: டர்பன் பகுதிச் சுயாதீனக் குழுக்களுக்கான முழுமையான பதிவு வழிகாட்டி

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று டர்பனைச் சுற்றியுள்ள ஊர்களில், நான்கைந்து பாட்டுகளை இ.பி. என்ற சிறு தொகுப்பாகத் தாங்களே பதிவுசெய்து வெளியிட விரும்பும் மெட்டல் குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். வாசிக்கத் தெரியும், பாட்டுகள் கைவசம் உள்ளன என்று வைத்துக்கொள்கிறேன். புதிய குழுக்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் வேலைகளின் வரிசைதான்: பழைய கம்பியோடு கிட்டாரைப் பதிவுசெய்துவிட்டு, எல்லா ஒலிகளையும் கலந்து சமன்செய்யும் மிக்ஸில் போய்ச் சுருதியைத் தேடுகிறார்கள், வேகத்தை முடிவுசெய்யாமல் டிரம்ஸை முடித்துவிட்டு, பாடகருக்கு மூச்சு விட இடமில்லை என்பதைக் கடைசியில் கண்டுபிடிக்கிறார்கள். கீழேயுள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

8 ஜி.பி. நினைவகம் உள்ள கணினி போதும். 16 இருந்தால் நிம்மதி. கிட்டாரை நேரடியாகச் செருகக்கூடிய, ஒலியைக் கணினிக்குக் கொண்டுசெல்லும், இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று, காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் இரண்டு, ஷூர் எஸ்.எம்.57 அல்லது எஸ்.எம்.58 போன்ற டைனமிக் மைக் ஒன்று, நகல் எடுத்துவைக்கத் தனி ஹார்ட் டிஸ்க் ஒன்று ஆகியவை வேண்டும். பதிவு மென்பொருளில் ரீப்பர் 60 நாள் இலவசச் சோதனைக்குக் கிடைக்கிறது. அதன் சலுகை உரிமம் 60 டாலர். கிட்டார் ஆம்ப்புக்கு, நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளும் ஸ்பீக்கர் பெட்டியின் ஓசையைத் தரும் நல்ல கேபினெட் இம்பல்ஸ் கோப்பு ஒன்றும் முதல் இ.பி.க்குத் தாராளம்.

சுவரில் ஒட்டும் ஃபோம் வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். அது அறைக்குள் எதிரொலியைச் சற்றுக் குறைக்குமே தவிர, பக்கத்து வீட்டுக்குப் போகும் ஓசையைத் தடுக்காது. சாட்ஸ்வொர்த்தில் இரு வீடுகளுக்கு ஒரே பொதுச்சுவராக இருக்கும் இடத்தில் நூறு ஃபோம் துண்டுகளைவிட, மாலை ஆறு மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வதாக அண்டை வீட்டு அக்காவிடம் முன்பே சொல்லிவைப்பது அதிகம் பயன்படும்.

எல்லாப் பாட்டுகளுக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் வீதம், 24 பிட் என்று மென்பொருளின் பதிவு அமைப்பை இப்போதே பூட்டிவிடுங்கள். ஒருவர் வீட்டில் 44.1, இன்னொருவர் வீட்டில் 48 என்று பதிவானால், மென்பொருள் மாற்றிக் கொடுக்காத இடத்தில் வேகமும் சுருதியும் ஒன்றாக நழுவும்.

2. பாட்டை முடித்த பிறகே பதிவைத் தொடங்குதல்

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள் எழுதுங்கள்: வேகம், சுருதி, பகுதிகளின் வரிசை, ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை பார் (தாளச் சுற்று), எங்கே வேகம் மாறுகிறது. இதை எழுத உட்கார்ந்ததுமே, இரண்டாவது ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி) நான்கு முறையா எட்டு முறையா என்பதில் குழுவுக்குள் இரு கட்சிகள் இருப்பது தெரியவரும். அந்தச் சண்டையை ஒத்திகையிலேயே முடித்துவிட வேண்டும்.

வேகத்தைத் தீர்மானிப்பது டிரம்மரின் கால்களே. நிமிடத்துக்கு 180 அடியில் பதினாறாம் சுரங்களாக, அதாவது ஓர் அடிக்கு நான்காக, இரட்டை கிக் ஓடினால் ஒரு வினாடிக்கு 12 அடிகள். அடிக்கும் அடிக்கும் இடையே ஏறக்குறைய 83 மில்லிவினாடி. அந்த இடைவெளியில் 15 மில்லிவினாடி தள்ளாடினாலே காதுக்கு அது குழறலாகக் கேட்கும். மூன்று நிமிடம் தொடர்ந்து சீராக வாசிக்க முடியாவிட்டால் வேகத்தை 172-க்கு இறக்குங்கள். தெளிவாக விழும் 172, குழறும் 180-ஐவிடக் கனமாகவும் வேகமாகவும் கேட்கும். தன்மானப் பிரச்சினையாக இதை எடுத்துக்கொள்ளும் டிரம்மர்கள் உண்டு. இரண்டையும் பதிவுசெய்து போட்டுக் காட்டினால் பெரும்பாலோர் இறங்கிவருவார்கள்.

பிறகு வேகத்தைத் தட்டிக்காட்டும் கிளிக்குடன் மாதிரிக் கிட்டாரையும் மாதிரிக் குரலையும் பதிவுசெய்யுங்கள். மாதிரிக் குரலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உறுமல் குரலில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்க அரை பாராவது மூச்சுக்கு வேண்டும். அது இல்லையென்று டிரம்ஸ், கிட்டார் எல்லாம் முடிந்த பின் தெரிந்தால், வரியை வெட்டுவதைத் தவிர வேறு வழியிராது.

3. சுருதியும் கம்பியும் கிட்டாரின் கழுத்தும்

தாழ்ந்த கம்பியை சி சுரத்துக்கு இறக்கும் டிராப் சி சுருதியில் அந்தக் கம்பியின் அதிர்வெண் ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸ். வழக்கமான இ சுருதிக்கென விற்கப்படும் 10-46 தடிமன் கம்பிகளை அங்கே இறக்கினால் அவை தொய்ந்துபோகும்; தொய்ந்த கம்பியைப் பலமாக அடித்தால் முதல் கணத்தில் சுருதி மேலே ஏறிப் பிறகே இறங்கி நிற்கும். டியூனர் சரியென்று காட்டினாலும் ரிஃப் அபசுரமாகக் கேட்பதற்குக் காரணம் இதுவே. 11-56 அல்லது 12-60 கம்பிகளைப் போடுங்கள். டியூன் செய்யும்போதும் மெல்லத் தடவாமல், ரிஃப் வாசிக்கும் அதே பலத்தில் அடித்து, அடித்த முதல் கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்பதைப் பாருங்கள்.

தடித்த கம்பி போட்ட பிறகு கழுத்தின் வளைவையும் பிரிட்ஜில் இன்டோனேஷனையும் சரிசெய்தாக வேண்டும். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்து ஹார்மானிக்கும் ஒன்றாக வரும்வரை, பிரிட்ஜில் கம்பி அமரும் சேடிலை நகர்த்துங்கள்: அழுத்திய சுரம் உயர்ந்திருந்தால் சேடில் பின்னே போக வேண்டும், தாழ்ந்திருந்தால் முன்னே வர வேண்டும். இதைக் கம்பி மாற்றிய மறுநாள் செய்வது நல்லது, புதுக்கம்பி இழுபட்டு நிலைபெற ஒரு நாளாவது ஆகும்.

டர்பனின் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான ஈரப்பதத்தில் மரக்கழுத்து அசையும், கம்பி விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே எல்லாப் பாட்டுகளின் ரிதம் கிட்டாரையும் அடுத்தடுத்த நாட்களில் முடியுங்கள். ஜனவரியில் பாதி, மே மாதத்தில் மீதி என்று பதிவுசெய்தால் ஒரே கிட்டார் இரண்டு கிட்டார்களாகக் கேட்கும்.

4. மின்சாரத்தையும் இரைச்சலையும் ஒழுங்குபடுத்துதல்

தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பூமி இணைப்பில் குறை இருந்தால் 50, 100, 150 ஹெர்ட்ஸ்களில் ஒரு ரீங்காரம் பதிவாகும். கிட்டாருக்குக் கரகரப்பைத் தரும் டிஸ்டார்ஷன் அதைப் பல மடங்கு பெருக்கும். மடிக்கணினி, இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து எடுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் குற்றவாளி அதுதான். பேட்டரியில் ஓடவிட்டுப் பதிவுசெய்யுங்கள். ரீங்காரத்தைப் போக்குவதற்காக மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை நீக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். உயிருக்கே ஆபத்தான அந்த வேலையைச் செய்யாதீர்கள்.

2023-இல் இருந்ததுபோல் நாள்தோறும் லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்வெட்டு) இப்போது இல்லையென்றாலும் தெருவின் கேபிள் பழுதாகி மின்சாரம் போவது புதிதல்ல. ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் சேமித்து, நாள் முடிவில் தனி டிஸ்க்கில் நகலெடுங்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது சிறு பதிவொன்று செய்து, கிட்டாரைத் தொடாமல் அதன் ஓசையைக் கேளுங்கள். மலிவான இன்வெர்ட்டர்கள் சிலவற்றின் கிறீச்சொலி, மின்சாரம் திரும்பிய பின் கேட்டால்தான் உறைக்கும்.

5. டிரம்ஸ்: முதலில் பதிவுசெய்து, உடனே திருத்தி முடித்தல்

பொதுச்சுவர் வீட்டில் உண்மையான டிரம்ஸ் பதிவுசெய்ய இயலாது. முதல் இ.பி.க்கு மின்னணு டிரம்ஸில் வாசித்து, அடிகளின் நேரத்தையும் பலத்தையும் மட்டும் குறிக்கும் மிடியாகப் பதிவுசெய்து, பின்னர் நல்ல சாம்பிள்களை (முன்பே பதிவான டிரம்ஸ் ஒலிகளை) அதில் ஏற்றுவதையே நான் பரிந்துரைக்கிறேன். வாசிப்பு மனிதருடையது, ஓசையைப் பிறகு தேர்ந்துகொள்ளலாம், எட்டு மைக் தேவையில்லை.

டிரம்மரே இல்லாமல் கணினியில் எழுதுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மனிதருக்குக் கை இரண்டு. ஹைஹாட், ஸ்னேர், கிராஷ் மூன்றும் ஒரே கணத்தில் கையால் விழ முடியாது. கிக்கும் ஸ்னேரும் அதிவேகமாக விழும் பிளாஸ்ட் பீட்டில் ஒவ்வொரு ஸ்னேர் அடியும் ஒரே பலத்தில் இருந்தால் தையல் எந்திரம் ஓடுவதுபோல் இருக்கும். பலத்தை அடிக்கு அடி சற்றே மாற்றுங்கள், வேகமான இடங்களில் ஒட்டுமொத்தமாகக் குறையுங்கள், ஏனெனில் வேகம் கூடக்கூடக் கை உயரும் தூரம் குறைகிறது.

பள்ளிக்கூட மண்டபமோ திருமண மண்டபமோ கிடைத்து உண்மையான டிரம்ஸையே பதிவுசெய்வதாயின், புதுத் தோல் போட்டு, இரண்டு ஓவர்ஹெட் மைக்குகளையும் ஸ்னேரின் நடுவிலிருந்து சம தூரத்தில் நாடாவால் அளந்து வையுங்கள். ஒலி ஒரு மில்லிவினாடியில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர்தான் செல்லும். தூரங்கள் வேறுபட்டால் ஒரே அடி இரண்டு நேரங்களில் வந்து ஒன்றையொன்று அழித்து, ஸ்னேர் மெலிந்துபோகும்.

டிரம்ஸைக் கிளிக்கோடு சீராக்கும் வேலையைக் கிட்டாரைத் தொடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். புதியவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு இதைத் தள்ளிப்போடுவதுதான். தள்ளாடும் டிரம்ஸின் மீது கிட்டார் வாசித்தவர் அந்தத் தள்ளாட்டத்தோடு சேர்ந்தே வாசித்திருப்பார். பிறகு டிரம்ஸை மட்டும் நேராக்கினால் கிட்டார்கள் எல்லாம் தனித்துத் தொங்கும்.

6. ரிதம் கிட்டார்

பல குழுக்கள் டிரம்ஸுக்குப் பின் பேஸ் கிட்டாருக்குப் போகின்றன. நான் ரிதம் கிட்டாரை முன்னே வைப்பேன். தாழ்ந்த பேஸ் சுரத்தின் சுருதி விலகலைத் தனியாகக் கேட்டுப் பிடிப்பது கடினம். கிட்டார் ஏற்கெனவே இருந்தால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கிட்டாரை இன்டர்ஃபேஸில் நேரடியாகச் செருகி, எந்த எஃபெக்டும் சேராத சுத்தமான ஒலியாகப் பதிவுசெய்யுங்கள். பலமாக அடிக்கும்போது அளவுமானி −12 டெசிபெல் பக்கம் நின்றால் போதும். சிவப்பைத் தொட்ட டேக்கைத் திருத்த முடியாது, மீண்டும் வாசிக்கத்தான் வேண்டும். கேட்பதற்கு ஆம்ப் மென்பொருளை மேலே ஏற்றிக்கொள்ளலாம். சுத்தமான பதிவு அடியில் இருப்பதால் பின்னர் ஆம்ப்பை மாற்ற வழி திறந்திருக்கும். வாசிக்கும்போது, கணினி ஒலியைத் தேக்கிவைத்து அனுப்பும் பஃபரை 128 அல்லது 64 சாம்பிளுக்குக் குறையுங்கள். 1024-இல் விட்டால் ஒலி தாமதமாகக் காதுக்கு வரும், கிட்டாரிஸ்ட் தன்னையறியாமல் முந்தி வாசிப்பார்.

இடப்பக்கத்துக்கு ஒரு முறை, வலப்பக்கத்துக்கு இன்னொரு முறை என அதே ரிஃப்பைத் தனித்தனியாக வாசியுங்கள். ஒன்றை நகலெடுத்து மறுபக்கம் வைத்தால் அகலம் வராது, நடுவில் சத்தம் மட்டும் கூடும். இரு வாசிப்புகளுக்கும் இடையேயுள்ள நுண்ணிய வேறுபாடே அகலமாகக் கேட்கிறது. வேறுபாடு நுண்ணியதாகவே இருக்க வேண்டும் என்பதால் ரிஃப்பை நான்கு பார்களாகப் பிரித்து, இடது முடிந்ததும் உடனே வலதை வாசியுங்கள். பாட்டு முழுவதற்கும் இடதை முடித்துவிட்டு மறுவாரம் வலதுக்கு வந்தால் பிக்கின் சாய்வும் உள்ளங்கையின் அழுத்தமும் மாறியிருக்கும்.

ஒத்திகையில் வைக்கும் கெயினில், அதாவது ஆம்ப்பின் டிஸ்டார்ஷன் அளவில், மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். தனியாகக் கேட்க மெலிந்திருந்தாலும், இரண்டு கிட்டார்கள் சேரும்போது டிஸ்டார்ஷனும் சேர்ந்துகொள்ளும். முழுக் கெயினில் பிக்கின் அடி மழுங்கி எல்லாம் ஒரே இரைச்சலாகிவிடும். ஆம்ப்புக்கு முன்னால் டியூப் ஸ்கிரீமர் வகை ஓவர்டிரைவை, டிரைவ் ஏறக்குறைய பூஜ்யத்திலும் லெவல் உயர்ந்தும் வைத்தால், தாழ்ந்த கம்பியின் தளதளப்பு இறுகும். வாசிக்காத கம்பிகள் முனகாமலிருக்க நட்டுக்குப் பக்கத்தில் தலைமுடிக்குப் போடும் துணி வளையம் ஒன்றைச் சுற்றுங்கள். ரிஃப் நிற்கும் இடத்தில் இரு கிட்டார்களும் ஒன்றாக நிற்கின்றனவா என்று பாருங்கள். மெட்டலில் தொடக்கத்தைவிட நிறுத்தமே குழுவின் தரத்தைக் காட்டுகிறது.

7. பேஸ் கிட்டார்

புதுக்கம்பி, பிக், நேரடிப் பதிவு. ஒவ்வொரு சுரமும் கிக்கோடு சேர்ந்து விழுகிறதா என்று கிட்டாரை மௌனமாக்கிவிட்டு ஒரு முறை கேளுங்கள். சுருதியைக் கிட்டாரோடு சேர்த்துக் கேட்டு முடிவுசெய்யுங்கள். வேகமான இடத்தில் விரல் பின்தங்கினால் ரிஃப்பை எளிமையாக்கலாம். அதனால் பாட்டுக்கு நட்டமில்லை.

8. உறுமியும் தவிலும் சேர்ப்பதாயின்

இங்கே காவடிக்கு உறுமி மேளம் கேட்டு வளர்ந்தவர்கள் என்பதால் அதை மெட்டலில் சேர்க்கும் ஆசை பல குழுக்களுக்கு வருகிறது, நல்ல ஆசைதான். ஆனால் உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த இழுவையான முனகல், பேஸ் கிட்டாரும் தாழ்ந்த சுருதியில் இறக்கிய கிட்டாரும் குடியிருக்கும் அதே இடத்தில் விழுகிறது. அனைத்தையும் ஒரே ரிஃப்பில் வைத்தால் உறுமி காணாமற்போய் வெறும் குமுறல் மிஞ்சும். உறுமி முனகும் பார்களில் பேஸை நிறுத்துங்கள், அல்லது கிட்டாரை ஒரே நீண்ட சுரத்தில் விடுங்கள். இந்த முடிவை 2-ஆம் படியில் தாள் எழுதும்போதே எடுக்க வேண்டும்.

உறுமியானாலும் தவிலானாலும் இரு முகங்களுக்கும் தனித்தனி மைக் வையுங்கள். பிறகு ஒரு மைக்கின் போலாரிட்டியை (ஒலியலையை மேல்கீழாக) மென்பொருளில் திருப்பியும் திருப்பாமலும் கேட்டு, எதில் அடி கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கலைஞர்களுக்குக் கிளிக்கைவிட டிரம்ஸையே ஹெட்ஃபோனில் கொடுங்கள், கிளிக்குக்கு வாசித்துப் பழகாதவர்கள் அதனோடு மல்லுக்கு நிற்பார்கள். தைப்பூசத்தை ஒட்டியும், மவுண்ட் எட்ஜ்கோம், இசிபிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழாக்கள் நடக்கும் ஈஸ்டர் வாரத்திலும் மேளக்காரர்கள் ஓய்வாக இருக்க மாட்டார்கள்; தேதியை அதற்கேற்ப முன்னதாகவே கேட்டுவையுங்கள்.

9. குரல்

உறுமல் குரலுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். பத்து நிமிடமாவது மெல்லிய ஒலியில் தொண்டையைத் தயார்செய்து, குளிர்ந்த நீரைத் தவிர்த்து, பாட்டின் கடினமான பகுதியை முதலிலேயே பதிவுசெய்யுங்கள். தொண்டை வலித்தால் அன்றைய வேலை முடிந்தது என்று பொருள். வலியோடு பாடிய டேக் நன்றாகவும் இராது. மேடையில் செய்வதுபோல் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கத்தை அறைக்கு வெளியே விட்டுவிட வேண்டும்: பொத்தியதும் மைக்கின் திசையுணர்வு கெட்டு, சொற்கள் மூக்கடைத்ததுபோல் பதிவாகும்.

தமிழில் பாடும் குழுக்களில் பலர் வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிறார்கள். அதில் குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடுவதால், மலையும் மாலையும் ஒரே சொல்லாக வாயில் வரும். உறுமலில் ழகரமும் ளகரமும் எப்படியும் மங்கும். உயிரெழுத்தின் நீளம் ஒன்றே சொல்லைக் காப்பாற்றும். ஆகவே நெடில்களுக்கு மேலே கோடிட்டு, அவை நீண்ட அடியில் விழுமாறு வரியை அமையுங்கள். தாழ்ந்த உறுமலுக்கு ஆ, ஓ ஒலிகளும், உயர்ந்த கீச்சலுக்கு ஈ, ஏ ஒலிகளும் எளிதாக ஒத்துழைக்கின்றன. வரி எழுதுபவர் இதை அறிந்திருந்தால் பாடகர் நன்றி சொல்வார்.

ஹாடீடாப் பறவைகள் விடியலிலும் அந்தியிலும் கூரைமேல் கூட்டமாகக் கத்தும். அவற்றின் கத்தல் சில பாடகர்களைவிட நன்றாகவே இருக்கும், ஆனாலும் அந்த நேரங்களைத் தவிர்த்து, நண்பகலை ஒட்டிப் பதிவுசெய்யுங்கள். தகரக் கூரை வீடாக இருந்தால் மழை நாளில் குரலைத் தொடவே வேண்டாம்.

10. மிக்ஸ்

பதிவு முடிந்து ஒரு வாரமாவது கழித்துத் தொடங்குங்கள். உங்கள் பாணிக்கு நெருங்கிய, நன்றாகப் பதிவான இரண்டு பாட்டுகளை அதே திட்டத்தில் ஏற்றி, உங்கள் மிக்ஸின் சத்த அளவுக்கு இறக்கி, அடிக்கடி மாறிமாறிக் கேளுங்கள். ஒப்பிடாமல் மூன்று மணி நேரம் கேட்ட காது எதையும் சரியென்று ஏற்றுக்கொள்ளும்.

முதலில் கிக், ஸ்னேர், பேஸ், குரல் நான்கின் சத்த அளவையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு சரிசெய்யுங்கள். கிட்டாரைப் பிறகு கொண்டுவாருங்கள். கிட்டாரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 8 முதல் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுங்கள்: கீழே பேஸும் கிக்கும் இருக்க வேண்டும், மேலே சிம்பல்கள் இருக்க வேண்டும். கிட்டாரிஸ்ட் தன் கிட்டாரை மட்டும் தனியாகக் கேட்டுவிட்டு மெலிந்துவிட்டது என்று முறையிடுவார். அவர் கேட்கும் கனம் பேஸிலிருந்து வருவது என்பதை, பேஸை ஒரு கணம் நிறுத்திக் காட்டிப் புரியவையுங்கள். பேஸை இரண்டு ட்ராக்குகளாகப் பிரித்து, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைச் சுத்தமாகவும், சத்தத்தின் ஏற்றத்தாழ்வு குறைய நன்கு கம்ப்ரஸ் செய்தும், மேலுள்ளதை டிஸ்டார்ஷனோடும் வைத்தால், சிறிய ஃபோன் ஸ்பீக்கரிலும் பேஸ் காணாமற்போகாது.

ஹெட்ஃபோனில் முடித்ததைக் காரில் கேளுங்கள். டர்பனின் மினிபஸ் டாக்ஸிகளில் உள்ளதுபோன்ற பெரிய சப்வூஃபர் யாரிடமாவது இருந்தால் அதிலும் கேளுங்கள். கீழ்ப்பகுதியில் செய்த பிழை எதுவும் அங்கே ஒளிய முடியாது.

11. மாஸ்டரிங்

முடிந்த மிக்ஸை வெளியீட்டுக்குத் தயாராக்கும் கடைசி வேலை இது. மிக்ஸ் செய்தவரே மாஸ்டரும் செய்வதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். ஸ்பாட்டிஃபை பாட்டுகளை ஏறக்குறைய −14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவீடு) அளவுக்குச் சமன்செய்கிறது; அதற்காக மெட்டலை −14-இல் மாஸ்டர் செய்ய வேண்டியதில்லை, ஆனால் அதைவிட உரத்ததாக இருந்தால் உச்சத்தை −2 டெசிபெலுக்குக் கீழ் வைக்கும்படி அந்நிறுவனமே அறிவுறுத்துகிறது. உச்சங்களை அடக்கிச் சத்தத்தைக் கூட்டும் லிமிட்டரை ஏற்றும்போது ஸ்னேர் எந்த இடத்தில் தட்டையாகத் தொடங்குகிறதோ அதற்குச் சற்று முன்னே நிறுத்துங்கள்.

12. உரிமை, பதிவெண், வெளியீடு

பாட்டை எழுதியவர் யார், பங்கு எத்தனை விழுக்காடு என்ற தாளில் அனைவரும் வெளியீட்டுக்கு முன்பே கையெழுத்திடுங்கள். பணம் வராதவரை இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இராது என்பதால் கையெழுத்து வாங்க ஏற்ற நேரம் அதுவே. பாட்டு வானொலியிலும் மேடையிலும் ஒலிப்பதற்கான எழுத்தாளர் உரிமையை சாம்ரோவும், நகலாக்க உரிமையைக் கபாஸோவும், ஒலிப்பதிவு ஒலிபரப்பாகும்போது கலைஞருக்கும் பதிவின் உரிமையாளருக்கும் சேர வேண்டியதை சாம்ப்ராவும் வசூலிக்கின்றன. மூன்றும் வெவ்வேறு, ஒன்றில் பதிந்துவிட்டு மற்றவை தாமாக வரும் என்று இருந்துவிடாதீர்கள்.

ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 குறிகள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. என்ற அடையாள எண் வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இதை ஒலிப்பதிவு நிறுவனங்களின் அமைப்பான ரிசா வழங்குகிறது. பெரும்பாலான இணைய விநியோகஸ்தர்களும் தாங்களே கொடுப்பார்கள். இரண்டு இடத்திலும் வாங்கி ஒரே பதிவுக்கு இரண்டு எண் வைத்துவிடாதீர்கள். தமிழ்த் திரைப்பாட்டிலிருந்து ஒரு துணுக்கைச் சாம்பிளாக எடுத்திருந்தால், அனுமதி கைக்கு வரும்வரை அந்தப் பாட்டை வெளியிடாதீர்கள்.

வெளியீட்டுத் தேதிக்கு நான்கு வாரம் முன்பே கோப்புகளை விநியோகஸ்தரிடம் ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபையின் தொகுப்பாளர்களிடம் பாட்டைப் பரிந்துரைக்கக் குறைந்தது 7 நாள் முன்னதாகவே அது அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பேண்ட்கேம்பில் டிஜிட்டல் விற்பனைக்கு 15 விழுக்காடு பிடித்தம். சிறு குழுக்களுக்கு ஸ்ட்ரீமிங்கைவிட அங்கேதான் கையில் ஏதாவது மிஞ்சுகிறது.

கடைசியாக, தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒருமுறை தீர்மானித்து, அந்த ஒரே எழுத்துக்கோவையை விநியோகஸ்தர், சாம்ரோ, கபாஸோ, சாம்ப்ரா, அட்டைப்படம் எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் பயன்படுத்துங்கள். நெடிலுக்கு ஓரிடத்தில் இரண்டு எழுத்தும் வேறிடத்தில் ஒன்றும் போட்டால், ஒரே பாட்டு அவர்களுடைய பட்டியலில் இரண்டு பாட்டுகளாக நிற்கும். ஒன்றின் பெயரில் வரும் பணத்தை மற்றதன் கணக்கில் சேர்க்க மாதக்கணக்கில் மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கும்.